பொங்கலுக்கு அடிச்ச பெயிண்ட் சித்திரையில் உரியுதா? பழைய பாத்ரூமை கம்மி செலவில் நாமே புதுசாக்க வழி

புதுச்சேரி,

பொங்கல் வந்தால் வீட்டுக்கு வெள்ளை அடிப்பது புதுச்சேரியில் இன்றும் விடாத பழக்கம். வீடு முழுக்க அடிக்க வசதி இல்லாதவர்கள் கூட, பாத்ரூமையாவது பார்க்கிற மாதிரி ஆக்கிடலாம் என்று ஒரு டப்பா பெயிண்டும் ஒரு பிரஷும் வாங்கி வந்து விடுகிறார்கள். கூலி கொடுத்து ஆள் வைக்காமல், லீவு நாளில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்தே அடித்து முடிக்கும் வீடுகள் நிறைய.

போகி அன்று பாத்ரூம் பளபளவென்று இருக்கும். மாசி வரை தாங்கும். பங்குனி, சித்திரையில் வெயில் ஏறினதும் சுவர் அப்பளம் மாதிரி பொரிய ஆரம்பிக்கும். விரலால் தொட்டால் பெயிண்ட் தோல் தோலாக உரிந்து வரும். உள்ளே பார்த்தால் பஞ்சு மாதிரி வெள்ளை உப்பு.

கடைக்காரர் மட்டமான சரக்கை தலையில் கட்டி விட்டார் என்று திட்டுவார்கள். பல வீடுகளில் பெயிண்ட் மேல் குற்றமே இல்லை. அடித்த மாதம்தான் தப்பு.

பழக்கம் அப்படியே, பெயிண்ட் மாறிப்போச்சு

புதுச்சேரிக்கு மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்கு பருவமழையில்தான். 2024 நவம்பர் 30-ந்தேதி பெஞ்சல் புயல் கரையை கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. அதற்கு சரியாக 45-வது நாள் பொங்கல். 9 அங்குல செங்கல் சுவர் ஒரு மழைக்காலம் முழுக்க குடித்த தண்ணீர் 45 நாளில் போகுமா? மாதக்கணக்கில் ஆகும். மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஓதம் அப்படியே நிற்கும்.

அப்படியானால் தாத்தா காலத்தில் பொங்கலுக்கு அடித்த வெள்ளை மட்டும் எப்படி தாங்கியது என்ற கேள்வி வரும். அவர்கள் அடித்தது சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கு ஈர சுவர்தான் பிடிக்கும். காய்ந்த சுவராக இருந்தால் தண்ணீர் தெளித்து நனைத்து விட்டுத்தான் அடிப்பார்கள். அடித்த பிறகு காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்ல கல்லாக மாறும். அதில் கண்ணுக்கு தெரியாத துளைகள் இருப்பதால் சுவருக்குள் இருக்கும் ஈரம் ஆவியாக வெளியே போய் விடும். அதனால் பொங்கல் நேரத்து ஈர சுவரும் சுண்ணாம்பும் ஒன்றுக்கொன்று பொருத்தம்.

இப்போது டப்பாவில் வரும் எமல்ஷன் அப்படி இல்லை. அது சுவர் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் தோல் மாதிரி. வெளியே இருந்து தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும், சரி. உள்ளே இருக்கிற தண்ணீரையும் வெளியே விடாது. வெயில் ஏறியதும் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர பார்க்கும், வழி இல்லாமல் தோலை தள்ளும். கூடவே கரைந்து வரும் உப்பு தோலுக்கு பின்னால் பூத்து, காரையையும் சேர்த்து உதிர்க்கும். பண்டிகை தேதி மாறவில்லை, பெயிண்ட் மட்டும் மாறி விட்டது. காசு போவது இந்த இடத்தில்தான்.

ஆகவே பொங்கலுக்குள் பாத்ரூம் வெள்ளையாகியே தீர வேண்டும் என்றால் சுண்ணாம்பு. எமல்ஷன்தான் வேண்டும் என்றால் மாசி கடைசி வரை பொறுத்து, பங்குனி முதல் ஆனிக்குள் முடிப்பது நல்லது.

உங்க வீட்டு சுவர் எந்த ஜாதி?

புதுச்சேரியில் இரண்டு விதமான வீடு. நகரத்துக்குள் முத்தியால்பேட்டை வரை பரவிக் கிடக்கும் பழைய வீடுகளில் சுவர் ஒன்றரை அடி கனம் இருக்கும். மர உத்திரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, சுண்ணாம்பு காரை. லாஸ்பேட்டை, ரெயின்போ நகர் மாதிரி பின்னால் வந்த பகுதிகளில் கான்கிரீட் கூரையும் சிமெண்ட் பூச்சும்.

சந்தேகமாக இருந்தால் மூலையில் சாவியால் லேசாக சுரண்டிப் பார்க்கலாம். வெள்ளையாக, மாவு மாதிரி கொட்டினால் சுண்ணாம்பு காரை. சாம்பல் நிறத்தில் கெட்டியாக நின்றால் சிமெண்ட்.

பழைய வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. அந்த காலத்தில் குளிக்கிற இடம் கொல்லைப்புறத்தில் இருந்தது. வீட்டுக்குள் பாத்ரூம், குழாய், டைல்ஸ் எல்லாம் பிறகு நுழைத்தவை. அதனால் சுண்ணாம்பு சுவர் மேலேயே சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டி இருப்பார்கள். கீழே போக வழி இல்லாத ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறி, அங்கே பொரியும். டைல்ஸ் முடிகிற கோட்டுக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கு சுவர் எப்போதும் உப்பு பூத்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். மேலே மேலே சிமெண்ட் பூசி அடைத்தால் ஈரம் இன்னும் ஒரு அடி மேலே போகும், அவ்வளவே. பொரிந்த சிமெண்ட்டை தட்டி எடுத்து விட்டு, 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு மணல் கலந்த காரையால் அந்த இடத்தை மூடுவதுதான் சரி. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்து விட்டாலும், 1984-ம் ஆண்டு முதல் இன்டாக் அமைப்பு பழைய வீடுகளை காக்கும் பணியில் இருப்பதால், அந்த கைவேலை புதுச்சேரியில் அடியோடு மறைந்து விடவில்லை.

பிளாஸ்டிக் கவர் சோதனை

பெயிண்ட் வாங்கும் முன்பு செலவே இல்லாத ஒரு சோதனை. ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் கனமான பிளாஸ்டிக் கவரை வெட்டி, நான்கு பக்கமும் காற்று புகாமல் டேப் போட்டு சுவரில் ஒட்ட வேண்டும். 2 நாள் விட்டு பார்க்க வேண்டும். கவருக்கு பின்னால், சுவர் பக்கம் முத்து முத்தாக தண்ணீர் இருந்தால் ஈரம் சுவருக்குள் இருந்து வருகிறது. முன்பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் அது குளிக்கும்போது வரும் ஆவி, ஜன்னலோ எக்சாஸ்ட் பேனோ வைத்தால் தீர்ந்தது.

சுவருக்குள் இருந்து வந்தால் எங்கிருந்து என்று தேட வேண்டும். தரையை ஒட்டி இடுப்பு உயரம் வரை என்றால் நிலத்தில் இருந்து ஏறும் ஓதம். பழைய சுவர்களில் அடியில் தடுப்பு அடுக்கு கிடையாது, மண்ணில் உள்ள தண்ணீரை விளக்குத் திரி எண்ணெய் இழுப்பது போல செங்கல் மேலே இழுக்கும். ஒரு இடத்தில் மட்டும் வட்டமாக கறை இருந்தால் குழாய் கசிவு. சீலிங்கில் கறை என்றால் மாடியிலோ, மேல் வீட்டு பாத்ரூமிலோ பிரச்சனை. மேல் வீட்டில் சம்மதித்தால் அங்கே வடிகால் ஓட்டையை துணியால் அடைத்து, ஒரு அங்குலம் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விட்டு கீழே பார்த்தால் தெரிந்து விடும். (இந்த சோதனையால் மாடி வீட்டுக்காரரோடு சண்டை வராமல் பார்த்துக் கொள்வது அவரவர் சாமர்த்தியம்.)

ஓதத்தை லேசாக எடுத்துக் கொள்ளக் கூடாது. கடற்கரை சாலையில் நின்ற 19-ம் நூற்றாண்டு மேரி கட்டிடம் 2014 நவம்பர் 29-ந்தேதி மழையில் சரிந்து விழுந்ததை ஊரே பார்த்தது. பராமரிப்பு இல்லாமல் விட்ட கட்டிடம் அது. அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். வீட்டு பாத்ரூம் அப்படி விழுந்து விடாது. ஆனால் கசிவை மூடாமல் மேலே கலர் அடிப்பது, சுவர் காட்டும் அடையாளத்தை மறைப்பதுதான்.

சுண்ணாம்பு அடிக்கும் முறை

மத்திய பொதுப்பணித்துறையின் விதிமுறையில் உள்ள அளவு வீட்டுக்கும் பொருந்தும். 1 கிலோ சுண்ணாம்புக்கு சுமார் 5 லிட்டர் தண்ணீர். நீர்த்த பிறகு 24 மணி நேரம் ஊற விட்டு, முரட்டுத் துணியில் வடிகட்ட வேண்டும். 10 லிட்டர் பாலுக்கு 40 கிராம் கோந்தை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் கையில் ஒட்டாது. வெள்ளை எடுப்பாக தெரிய 1 கிலோ சுண்ணாம்புக்கு 3 கிராம் நீலம் போதும். அதிகமானால் சுவர் நீலம் பாரித்து விடும்.

சுட்ட சுண்ணாம்பு கல்லில் தண்ணீர் பட்டால் கொதிக்கும். மெல்லிய பிளாஸ்டிக் பக்கெட் உருகி விடும், இரும்பு டிரம்மோ மண் தொட்டியோ வேண்டும். குழந்தைகளை கிட்டே விடக் கூடாது. கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் ஆபத்து என்பதால் கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தெறித்து விட்டால் சுத்தமான தண்ணீரில் 15 நிமிடத்துக்கு குறையாமல் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும்.

சுவரில் உதிரும் பழைய வெள்ளையை தகடு வைத்து சுரண்டி, தென்னை துடைப்பத்தால் பெருக்கி, தண்ணீர் தெளித்து விட்டு தொடங்கலாம். ஒரு கோட்டிலேயே மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், பிறகு காயும் முன்பே வலமிருந்து இடம், இடமிருந்து வலம் என்று பிரஷ் ஓட வேண்டும். பால் மாதிரி மெல்லிசாக அடிக்கணும். கெட்டியாக அடித்தால் காய்ந்ததும் வெடிக்கும். ஈரமாக இருக்கும்போது ஒன்றுமே பிடிக்காதது போல தெரியும், பயந்து மறுபடி மறுபடி பூச வேண்டாம், காயக் காயத்தான் வெள்ளை ஏறும். ஒரு கோட் காய்ந்து அடுத்தது என 3 கோட். கலர் ஆசை இருந்தால் காவி, மஞ்சள் ஆக்சைடு மாதிரி சுண்ணாம்பு தாங்கும் பொடிகளை மட்டும் சேர்க்கலாம்.

குறை ஒன்று உண்டு. நேரடியாக தண்ணீர் அடிபடும் இடத்தில் சுண்ணாம்பு நிற்காது, ஈர தோள் பட்டால் ஒட்டும். அதனால் டைல்ஸ் உயரத்துக்கு மேலேதான் இது. ஆனால் அதன் காரத்தன்மை காரணமாக கறுப்பு பூஞ்சை சீக்கிரம் வராது. பாத்ரூமுக்கு அது பெரிய லாபம்.

எமல்ஷன் என்றால்...

சிமெண்ட் சுவர், கசிவு இல்லை, வெயில் காலம். மூன்றும் இருந்தால் தாராளமாக எமல்ஷன் அடிக்கலாம். பூஞ்சை தடுப்பு சேர்த்து, லேசான பளபளப்போடு வருவதை கேட்டு வாங்க வேண்டும். விலை குறைவு என்று டிஸ்டம்பர் வாங்கினால் பாத்ரூம் ஈரத்தில் ஒரு வருடம் தாங்காது.

அடியில் பழைய சுண்ணாம்பு இருந்தால் முழுசாக சுரண்டாமல் எமல்ஷன் அடிக்கவே கூடாது. அது சுவரை பிடிக்காது, சுண்ணாம்பு மாவைத்தான் பிடிக்கும், மாவோடு சேர்ந்து கீழே வந்து விடும். பட்டி பார்க்க ஒயிட் சிமெண்டில் செய்த பட்டிதான் பாத்ரூமுக்கு. காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்து, தூசி துடைத்து, பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் 2 கோட்.

எவ்வளவு வாங்குவது? 5 அடிக்கு 7 அடி பாத்ரூம், 8 அடி உயரம், 4 அடி வரை டைல்ஸ் என்று வைத்துக் கொள்ளுங்கள். நான்கு சுவரின் சுற்றளவு 24 அடி, மேலே மிச்சம் 4 அடி, ஆக 96 சதுர அடி. சீலிங் 35. கதவின் மேல்பகுதி, வென்டிலேட்டரை கழித்தால் சுமார் 120 சதுர அடி. ஒரு லிட்டர் கையால் அடித்தால் ஒரு கோட்டுக்கு 100 முதல் 120 சதுர அடி வரும் என்பதால் 2 கோட்டுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர். பிரைமர் ஒரு லிட்டரை ஒட்டி. 4 லிட்டர் டப்பா வாங்கினால் பாதி வீண். கலர் கலக்கச் சொல்வதாக இருந்தால் மட்டும் தேவையானதை ஒரே தடவையில் கலந்து விடுங்கள், மறுநாள் கலந்தால் சாயல் மாறலாம். சுண்ணாம்பு என்றால் இதே இடத்துக்கு 2 கிலோ, கை பழகாதவர்களுக்கு 3 கிலோ.

டைல்ஸ் மாத்தணுமா?

80, 90-களில் ஒட்டிய சின்ன வெள்ளை டைல்ஸ், ரோஸ் டைல்ஸ்தான் பாத்ரூமை பழசாக காட்டுகிறது என்று பலரும் உடைக்க நினைப்பார்கள். உடைக்கிற கூலி, கழிவு அள்ளும் வண்டி, புது டைல்ஸ், சிமெண்ட் என்று செலவு அடுக்கிக் கொண்டே போகும். வாடகை வீட்டில் அதற்கு வழியும் இல்லை.

பல இடங்களில் டைல்ஸ் நன்றாகவே இருக்கும், இடையில் உள்ள கோடுதான் கறுத்திருக்கும். அந்த கோட்டை மெல்லிய ஆணியால் கீறி எடுத்து, ஒயிட் சிமெண்டோ எபாக்சி கிரவுட்டோ நிரப்பினாலே பாதி பாத்ரூம் புதுசாகி விடும். அதற்கு மேலும் நிறம் மாற்ற வேண்டும் என்றால் இரண்டு டப்பாவை கலந்து அடிக்கும் எபாக்சி டைல் பெயிண்ட் உள்ளது. சோப்பு, வாஷிங் சோடா போட்டு எண்ணெய் பிசுக்கு போக தேய்த்து, 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும் வரை தேய்த்த பிறகே அடிக்க வேண்டும். இந்த தேய்ப்பில் சோம்பல் பட்டால் நகத்தால் கீறினாலே வந்து விடும். சுவருக்கு மட்டும்தான். தரையில் அடித்தால் கால் தேய்ந்து போய் விடும், வழுக்கவும் செய்யும். பழைய வீட்டில் சிவப்பு ஆக்சைடு தரை இருந்தால் தயவு செய்து அதன் மேல் எதையும் அடிக்காதீர்கள், கழுவி மெழுகு போட்டாலே போதும்.

உப்பு கறை போக ஆசிட் ஊற்றுவது வழக்கம். அதே நேரம் பிளீச்சிங் பவுடரையும் போட்டு விடுகிறார்கள். இரண்டும் கலந்தால் குளோரின் விஷ வாயு வரும். மூடிய பாத்ரூமில் மூச்சு அடைத்து உயிருக்கே ஆபத்து. ஒரு நாள் ஒன்று, நன்றாக கழுவி காய விட்டு மறுநாள் இன்னொன்று.

கதவு, கிரில்

கடல் காற்றுக்கு இரும்பு தாங்காது என்பது குருசுக்குப்பம், வைத்திக்குப்பம்காரர்களுக்கு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தகரக் கதவு, ஜன்னல் கிரில்லை கம்பி பிரஷால் துரு போக தேய்த்து, அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து விட வேண்டும். இரவு விட்டால் காலையில் மறுபடி துரு பூத்திருக்கும். மேலே எனாமல் 2 கோட்.

பழைய எனாமலை தேய்க்கும்போது ஒரு எச்சரிக்கை. வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த கதவுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அந்த தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை பாதிக்கும். காய்ந்த கதவை தேய்க்காமல், தண்ணீர் தொட்டு ஈர உப்புத்தாளில் தேய்த்து, தூளை ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று பக்கத்து வீட்டுக்கு போய் விடட்டும்.

4 நாள் வேலை

கீசர் உள்ள பாத்ரூம் என்றால் முதலில் மெயினை ஆப் செய்து விட்டுத்தான் சுவரை நனைக்க வேண்டும். முதல் நாள் சுரண்டல், கழுவல். அன்று முழுக்க காய விட்டு, அடுத்த நாள் பட்டி, உப்புத்தாள். மூன்றாம் நாள் பிரைமர். நான்காம் நாள் காலை ஒரு கோட், மாலை ஒரு கோட். ஒரே பாத்ரூம் உள்ள வீட்டில் இதுதான் கஷ்டம், காலை குளியலை முடித்து விட்டு வேலையை ஆரம்பித்தால் அன்று ராத்திரி வரை யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது. கடைசி கோட் அடித்த பிறகு 2 நாளாவது வெந்நீர் குளியல் வேண்டாம். எபாக்சி அடித்த டைல்ஸ் என்றால் டப்பாவில் போட்டிருக்கும் நாள் கணக்கு வரை, பெரும்பாலும் ஒரு வாரம், தண்ணீர் படக் கூடாது.

வாடகைக்கு இருப்பவர்கள் வேலையை தொடங்கும் முன்பு வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி, கசிவு சரி செய்யும் செலவு யாருடையது என்று பேசி விடுவது நல்லது. மிச்ச பெயிண்டை மூடி இறுக்கி, டப்பா மேல் கலர் நம்பரையும் அடித்த மாதத்தையும் எழுதி வைத்தால், அடுத்த மழை முடிந்து எங்காவது ஒரு இடம் பொரிந்தாலும் அந்த இடத்தை மட்டும் காய விட்டு தொட்டு விடலாம்.